திருப்பிப் பார்த்தால் தெரியும்!

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் காட்டூர் தெருவில் மூன்று பேர் தவறாமல் வருவார்கள். பழைய பேப்பர்க்காரர், கீரை விற்கும் அம்மா, அப்புறம் டூ-வீலரின் பின்சீட்டில் ஏழெட்டுக் கம்பளங்களைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு வரும் ஒரு வடநாட்டு இளைஞர்.

"காஷ்மீர் கார்ப்பெட் சாப்! ஒரிஜினல்! ஹாண்ட்மேட்!"

திருச்சியிலிருந்து தஞ்சாவூர் போகும் ரோட்டில், அரியமங்கலத்துக்கும் திருவெறும்பூருக்கும் நடுவே இருக்கிறது காட்டூர். பெல்லிலும் துப்பாக்கித் தொழிற்சாலையிலும் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர்கள் இங்கே அதிகம். பி.எஃப். பணத்தில் வீடு கட்டி, வழுக்குகிற டைல்ஸாகப் பார்த்துப் போட்டுவிட்டு, பிறகு வழுக்கி விழாமல் இருக்க மேலே எதையாவது விரிப்பார்கள். கம்பளக்காரருக்கு இதைவிட நல்ல மார்க்கெட் கிடையாது.

என் பக்கத்து வீட்டுக்காரரும் ஒரு 'பெல்' சார்தான். ஆறுக்கு நாலடிக் கம்பளம் ஒன்றைத் திண்ணையில் விரித்துப் போட்டு அவர் பேரம் பேசியதை, கிரிக்கெட் மேட்ச் மாதிரி நின்று பார்த்தேன். ஏழாயிரத்து ஐந்நூறில் ஆரம்பித்த விலை, மூவாயிரத்துக்கு வந்து, கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு, பத்தே நிமிஷத்தில் ஆயிரத்து இருநூறில் வந்து நின்றது.

"என்ன தம்பி, வாங்கிரலாமா?" என்றார் சார்.

நான் கம்பளத்தின் ஒரு மூலையைப் பிடித்துத் திருப்பினேன். கம்பளக்காரர் முகம் 'போச்சுடா' என்பது போல் ஆனது. பின்பக்கத்தில் ஒரு முரட்டுத் துணி ஒட்டியிருந்தது. ஓரத்துக் குஞ்சம், தாவணிக்கு லேஸ் வைத்தாற்போல் தனியாகத் தைத்திருந்தது.

கம்பளத்துக்கு ஜாதகம் முதுகில்தான் எழுதியிருக்கிறது. முன்பக்கம் பூ, கொடி, மான் என்று எதை வேண்டுமானாலும் காட்டும். கையால் முடிச்சுப் போட்டதா என்று தெரிய, திருப்பிப் பார்க்க வேண்டும். நிஜமான முடிச்சுக் கம்பளத்தில், முன்னால் இருக்கிற டிசைன் அச்சு அசலாகப் பின்னாலும் தெரியும். ஒவ்வொரு முடிச்சும் ஒரு சின்னப் புள்ளியாக நிற்கும். குஞ்சம் தைத்ததாக இருக்காது. கம்பளத்துக்குள் ஓடுகிற பாவு இழையின் மிச்சமே வெளியே குஞ்சமாகத் தொங்கும்.

துணி ஒட்டியிருந்தால் அது 'டஃப்டட்'. துப்பாக்கி மாதிரி ஒரு கருவியால் நூலைத் துணியில் சுட்டுச் சுட்டுச் செருகி, உதிராமல் இருக்கப் பின்னால் ரப்பர் பால் பூசி, அசிங்கம் தெரியாமல் இன்னொரு துணியை ஒட்டிவிடுவார்கள். (இந்தத் துப்பாக்கி எங்கள் தொழிற்சாலையில் செய்வதல்ல!) அந்தக் கருவியைக் கையில்தான் பிடிக்கிறார்கள் என்பதால், 'ஹாண்ட்மேட்' என்று சத்தியம் செய்தாலும் பொய்யில்லை.

பி.காம். படித்தவனுக்கு இந்த மாதிரி இடத்தில் கை அரிக்கும். காஸ்டிங் போட்டுப் பார்த்தேன். ஆறுக்கு நாலு, 24 சதுர அடி. அதாவது 3,456 சதுர அங்குலம். அங்குலத்துக்கு 100 முடிச்சு என்று வைத்தால் - இது ரொம்ப சுமாரான ரகம் - மொத்தம் 3,45,600 முடிச்சு. ஒருவர் நாளைக்கு 8,000 முடிச்சுப் போடுகிறார் என்றே வைத்துக்கொள்வோம். 43 நாள். தினம் 500 ரூபாய் கூலி என்றாலும் கூலி மட்டும் 21,500-ஐத் தாண்டுகிறது. கம்பளி, சாயம், முதலாளி, புரோக்கர், டூ-வீலருக்குப் பெட்ரோல் எல்லாம் தனி. ஆயிரத்து இருநூறுக்கு எப்படி சார் கட்டும்?

கணக்கைச் சொன்னதும் அந்தப் பையன் சிரித்துவிட்டான். "சாப், இந்த ரேட்டுக்கு இதுதான் வரும்" என்று கம்பளத்தைச் சுருட்டிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனான். நல்ல பையன். அவன் ஒன்றும் நெய்பவன் இல்லை, விற்பவன்.

முடிச்சு என்றால் என்ன முடிச்சு என்று கேட்பீர்கள். தறியில் மேலும் கீழுமாகப் பாவு இழைகள் விறைப்பாக நிற்கும். ஒரு சின்னக் கம்பளி நூலை எடுத்துப் பக்கத்துப் பக்கத்து இரண்டு பாவு இழைகளில் சுற்றி, நுனி இரண்டையும் முன்னால் இழுத்துக் கத்தியால் அறுக்க வேண்டும். நூலை இரண்டு இழைகளிலும் முழுசாகச் சுற்றி, நுனிகளை நடுவே ஒன்றாக எடுத்தால் துருக்கி முடிச்சு. ஒன்றில் மட்டும் முழுசாகச் சுற்றி, இன்னொன்றின் பின்னால் சும்மா நுழைத்து எடுத்தால் பாரசீக முடிச்சு. இதில் நெருக்கம் கூட்டலாம், வளைவான கொடிகளை நன்றாகக் கொண்டுவரலாம். ஒரு வரிசை முடிச்சு முடிந்ததும் குறுக்கே ஊடை இழையை ஓட்டி, இரும்புச் சீப்பால் 'டக் டக்'கென்று தட்டி இறுக்குவார்கள். மறுபடி அடுத்த வரிசை. கடைசியில் முடிவெட்டுகிற மாதிரி மேலே சமமாகக் கத்தரிப்பார்கள். அவ்வளவுதான் டெக்னிக். இதை லட்சக்கணக்கான தடவை செய்ய வேண்டும், அதுதான் விஷயம்!

இது நேற்று வந்த வித்தையும் இல்லை. ரஷ்யாவின் அல்தாய் மலையில், பனியில் உறைந்துபோன ஒரு சமாதியிலிருந்து 1949-ல் ஒரு கம்பளத்தை எடுத்தார்கள். வயது சுமார் 2,400 வருஷம். ஓரமெல்லாம் குதிரை வீரர்கள், மான்கள். முழுக்க துருக்கி முடிச்சு, சதுர அங்குலத்துக்கு 230-க்கும் மேலே. நம் திண்ணைக்கு வந்த சரக்கு போன மாசத்தது!

லண்டனில் விக்டோரியா-ஆல்பர்ட் மியூசியத்தில் 'அர்தபில்' கம்பளம் என்று ஒன்று இருக்கிறது. சுமார் பத்தரை மீட்டர் நீளம், ஐந்தே கால் மீட்டர் அகலம், 2 கோடியே 60 லட்சம் முடிச்சு என்கிறார்கள். என் கணக்குப்படி ஒற்றை ஆள் உட்கார்ந்தால், லீவே எடுக்காமல் கிட்டத்தட்ட ஒன்பது வருஷம். 1539-40-ல் முடிந்தது என்று கம்பளத்திலேயே தேதி நெய்திருக்கிறது. 1893-ல் 2,000 பவுனுக்கு வாங்கினார்கள். சாயம் வெளுக்கக் கூடாது என்று, அரை மணிக்கு ஒருமுறை பத்தே நிமிஷம்தான் லைட் போடுகிறார்கள். கரண்ட் பில்லுக்குப் பயந்து அல்ல!

இதில் ஒரு சோகமும் உண்டு. ஜோடியாக இருந்த இரண்டு கம்பளங்களில் ஒன்றைப் பிய்த்துத்தான் இன்னொன்றின் கிழிசலைச் சரிசெய்தார்கள். பிய்ந்ததில் மீதி இப்போது லாஸ் ஏஞ்சல்ஸ் மியூசியத்தில். ஒரு கம்பளம் லண்டனில் ராஜா மாதிரி கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்க, இன்னொன்று அதற்கு உறுப்பு தானம் செய்துவிட்டு அமெரிக்காவில் கிடக்கிறது.

முடிச்சில் ஒவ்வொரு புள்ளிக்கும் தனி நிறம் வைக்கலாம் என்பதால்தான் கம்பளத்தில் ரோஜாவும் கொடியும் வளைந்து ஓடுகின்றன. நடுவில் பெரிய பதக்கம், ஓரத்தில் பூங்கொடி, தொழுகைக் கம்பளத்தில் பள்ளிவாசல் வளைவு, நுனி வளைந்த 'போத்தே' (நம் ஊர்ப் பட்டுப் புடவையில் இருக்கும் மாங்காய்தான்!) என்று இந்த டிசைன்களுக்குப் பெயர் சொல்லி மாளாது. காஷ்மீரில் இதையெல்லாம் 'தாலிம்' என்ற சங்கேத எழுத்தில் எழுதிவைப்பார்கள். ஒருவர் எந்த நிறம், எத்தனை முடிச்சு என்று உரக்கப் படிக்க, மற்றவர்கள் கேட்டுக் கேட்டு முடிவார்கள். ஆபீஸில் டிக்டேஷன் கொடுக்கிற மாதிரி. என்ன, இங்கே டிக்டேஷன் மாசக்கணக்கில் போகும்.

சின்னப் பிள்ளைகளின் மெல்லிய விரலால்தான் நுணுக்கமான முடிச்சு வரும் என்று ஒரு கதை ரொம்ப நாள் ஓடியது. சுத்தப் பொய். நுணுக்கமான வேலைக்குப் பழகிய பெரியவர் கைதான் வேண்டும். குழந்தைகள் வந்தது கூலி மலிவு என்பதால். அந்தக் கொடுமையை எதிர்த்துத்தான் 1994-ல் கைலாஷ் சத்யார்த்தியின் முயற்சியில் 'ரக்மார்க்' என்ற முத்திரை வந்தது. இப்போது அதன் பெயர் 'குட்வீவ்'. விலை ரொம்பக் குறைவு என்றால் ஒன்று மெஷின், இல்லாவிட்டால் யாருடைய கூலியிலோ கைவைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு 'பெல்' சார் உள்ளே போய் ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தார். பிரித்தால், ஒரு பழைய ஜமக்காளம்! சிவப்பும் பச்சையுமாகப் பட்டை பட்டையாக, எட்டடிக்குப் பத்தடி. அவர் கல்யாணத்துக்கு வாங்கியது. நாற்பது வருஷத்துக்கும் மேலாக சீட்டாட்டம், சீமந்தம், மாசாந்திர பஜனை என்று உழைத்து, நடுவே நைந்துபோயிருந்தது.

"இதைத் திருப்பிப் பாரு, தம்பி!"

திருப்பினேன். பின்பக்கமே இல்லை! இரண்டு பக்கமும் ஒன்றுபோலவே இருந்தது.

"இதே மாதிரி ஒண்ணு வேணும். பவானி சரக்கு. நீதான் இவ்வளவு பேசறியே, ஒரு நடை போயிட்டு வா!"

வாய் கொடுத்தால் இப்படித்தான். அடுத்த சனிக்கிழமை கோட்டை ஸ்டேஷனில் ஈரோடு ரயில் ஏறினேன். வலப்பக்க ஜன்னல் கிடைத்தால் இந்த ரூட் சொர்க்கம். ஜீயபுரம், பெட்டவாய்த்தலை, குளித்தலை என்று காவிரி கூடவே வரும். வாழைத் தோட்டம், நடுநடுவே கோரை. அக்கரையில் முசிறிப் பக்கம் இந்தக் கோரையைக் கிழித்துக் காயவைத்துப் பாய் நெய்கிறார்கள். பாவு நூல், ஊடை புல், அதுதான் பாய். ஊடை பருத்தி என்றால் ஜமக்காளம். கம்பளிக் கம்பளம் நம் ஊரில் ஏன் பெரிதாகப் பரவவில்லை என்று யோசித்தேன். ஆந்திரத்தில் ஏலூரில் இருக்கிறது, இங்கே வாலாஜாபேட்டையிலும் ஒரு காலத்தில் நெய்தார்கள். ஆனால் ஏப்ரல் மாதத் திருச்சியில் கம்பளி மேல் உட்கார்ந்து பாருங்கள், காரணம் தானாகப் புரியும்.

ஈரோட்டில் இறங்கி பஸ் பிடித்தால் பதினைந்து கிலோமீட்டரில் பவானி. காவிரியும் பவானியும் சேருகிற கூடுதுறையில் சங்கமேஸ்வரரைக் கும்பிட்டுக்கொண்டேன். 1804-ல் கலெக்டர் வில்லியம் காரோ, அம்மனுக்குத் தந்தத்தில் கட்டில் செய்து கொடுத்தாராம். மழை இரவில் அம்மன் ஒரு சிறுமியாக வந்து எழுப்பி, பங்களா இடிந்து விழுவதற்குள் அவரைக் காப்பாற்றினாள் என்பது கதை. கட்டில் கொடுத்த துரைக்கு மேலே விரிக்க ஒரு ஜமக்காளம் தோன்றவில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது, ஜமக்காளம் அப்புறம்தான் வந்தது.

19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்து மில் துணி வந்து குவிந்தபோது, இங்கே புடவை நெய்துகொண்டிருந்தவர்கள் திண்டாடினார்கள். பவானியில் ஜங்கமர் என்ற நெசவாளர் சமூகத்தினர், முரட்டுக் கலர் நூலை எடுத்துக் கனமாக ஒரு விரிப்பை நெய்தார்கள். மெல்லிய துணியில் மான்செஸ்டரோடு மோத முடியாது, முரட்டுத் துணியில் மோதலாம் என்ற கணக்கு! அது பிடித்துக்கொண்டது. ஆலமரம், சொம்பு, ஜமக்காளம் மூன்றும் இல்லாமல் தமிழ்நாட்டில் பஞ்சாயத்தே நடக்காது என்று ஆகிவிட்டது.

விசாரித்துக்கொண்டு ஒரு ஓட்டு வீட்டுக்குப் போனேன். தரையில் ஒரு குழி. அதில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார் பெரியவர். தறி அவர் மடிக்கு நேராக இருந்தது. காலால் மிதித்தால் பாவு இழைகள் இரண்டாகப் பிரியும். அந்தச் சந்தில் நாடாவை விட்டு, பலகையால் இழுத்து அடிப்பார். சத்தம் நெஞ்சுக்குள் கேட்டது.

"வாங்க தம்பி, உக்காருங்க. எங்கிருந்து வர்றீங்க?"

"திருச்சிங்க. காட்டூர்."

"ஏனுங்க, இந்தக் குழி எதுக்குன்னு பாக்கறீங்களா? ஈரம் இருக்குமுங்க. இழை அறாது. வெயிலுக்கும் கொஞ்சம் சில்லுன்னு இருக்கும்" என்று சிரித்தார்.

ஜமக்காளத்தில் முடிச்சே கிடையாது. ஊடை நூலைக் கனமாகப் போட்டு இறுக்கி அடிப்பதால் பாவு இழை உள்ளே மறைந்துவிடும். நாம் பார்க்கிற கலரெல்லாம் ஊடைதான், அதனால்தான் இரண்டு முகமும் ஒன்று. நாடா இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு ஓடுகிறது. நாடாவை மாற்றினால் நிறம் மாறும், அடுத்த பட்டை வரும். பட்டை என்பது நெய்பவருடைய கற்பனைப் பஞ்சம் இல்லை, நூல் போகிற வழி அது.

"பூ போட முடியாதுங்களா?" என்று கேட்டேன்.

"முரட்டு நூல்ல கஷ்டமுங்க. பட்டு ஜமக்காளம்னு ஒண்ணு இருக்கு, செயற்கைப் பட்டு நூலு. அதுல ஓரத்துல பூவெல்லாம் வரும். இதுல பட்டைதான் அழகு."

பூ போட வேண்டும் என்றால் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிக் கண்டு வைத்து, அந்தந்த இடத்தோடு நூலைத் திருப்ப வேண்டும். இரண்டு நிறம் நேர்கோட்டில் சந்தித்தால் நடுவே பிளவு விழும். துருக்கியில் 'கிலிம்' நெய்பவர்கள் அந்தப் பிளவு நீளாமல் இருக்க, நிறத்தைப் படிப்படியாகச் சாய்த்துக் கொண்டுபோவார்கள். கிலிமில் முக்கோணமும் வைரக் கட்டமும் நிறைய இருப்பதற்கு அதுதான் காரணம். மியூசியங்களில் அதற்குப் பெரிய பெரிய தத்துவம் சொல்கிறார்கள். எனக்கென்னவோ பாதித் தத்துவம் இந்தப் பிளவில் இருக்கிறது என்றுதான் படுகிறது.

வந்த காரியத்தைச் சொன்னேன். எட்டடிக்குப் பத்தடி.

பெரியவர் நாடாவைக் கீழே வைத்துவிட்டார். "போடறதில்லீங்க தம்பி."

"ஏங்க?"

"அவ்வளவு அகலத்துக்கு ரெண்டாளு வேணுமுங்க. நான் இந்தப் பக்கமிருந்து விட்டா, அந்தப் பக்கம் ஒருத்தர் வாங்கித் திருப்பி விடணும். ஒருத்தர் கை எட்டாது. என்ற தம்பிகூட உக்காந்தானுங்க, போய்ச் சேந்துட்டான். பசங்க பனியன் கம்பெனிக்கும் பெயின்ட் வேலைக்கும் போயிட்டாங்க. சித்தாள் கூலி இதுல நிக்கலைங்களே!"

"உங்க வீட்டம்மா?"

உள்ளேயிருந்து பதில் வந்தது: "முட்டி வலிக்குதுங்க. குழியில எறங்கினா என்னைத் தூக்கறதுக்கு ரெண்டாளு வேணும்!"

பவானி ஜமக்காளத்துக்கு 2005-லேயே புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கும் முன்பு, 1985-ல், கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் வந்தது. ஜமக்காளத்தை விசைத்தறியில் நெய்யக் கூடாது என்று அந்தப் பட்டியல் சொல்கிறது. 2023-ல் வினோ சுப்ரஜா என்ற டிசைனர், பவானி ஜமக்காளத்தில் உடையும் பையும் செய்து லண்டன் ஃபேஷன் வீக் மேடைக்கே கொண்டுபோனார். அங்கே கைதட்டினார்கள். இங்கே கடைத்தெருவில், வெளியூர் விசைத்தறிச் சரக்கு 'பவானி' என்ற பெயரில் பாதி விலைக்குத் தொங்குகிறது. சட்டம் இருக்கிறது, முத்திரை இருக்கிறது. தறியின் அந்தப் பக்கம் உட்கார ஆள்தான் இல்லை.

"ஒரிஜினலை எப்படிங்க கண்டுபிடிக்கிறது? கம்பளம்னா திருப்பிப் பார்க்கலாம். இதுல ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கே?"

இரண்டு ஜமக்காளத்தை எடுத்து என் இரண்டு கையிலும் வைத்தார். ஒன்று கடைச் சரக்கு, ஒன்று அவருடையது. ஒரே அளவுதான். அவருடையதைப் பிடித்த கை கீழே இறங்கியது.

"எடை சொல்லுமுங்க. அப்புறம் ஓரத்தைப் பாருங்க. மெசின்ல கோடு போட்டாப்ல நேரா இருக்கும். என்றதுல நாடா திரும்பற இடம் துளி முன்னப் பின்ன இருக்கும். தொவைக்கறப்ப தெரியும், மூணு தொவைப்புல அது நார் நாரா வந்துரும். இது ஆத்துல போட்டு ரெண்டு பேர் புழிஞ்சாலும் ஒண்ணும் ஆகாது."

'பெல்' சாருக்கு போன் போட்டேன். நாலடி அகலத்தில் இரண்டு வாங்கி நடுவே தைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். "தையல்ல பஜனை மாமி யாராவது கால் தடுக்கி விழுந்தா நீ ஆஸ்பத்திரிக்குத் தூக்குவியா?" என்றார். அவர் எட்டடியில் ஸ்டெடியாக இருந்தார்.

பெரியவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "என்ற தம்பி பையன் திருப்பூர்ல இருக்கான். பொங்கலுக்கு வருவான். சின்ன வயசுல தறியில உக்காந்தவன்தான், கை மறந்திருக்காது. ஒரு வாரம் புடிச்சு வெச்சா முடிச்சுரலாம். தை கழிச்சு வாங்கறீங்களா?"

அட்வான்ஸ் எவ்வளவு என்று பர்ஸை எடுத்தேன். "அவன் குழியில எறங்கட்டுங்க, அப்புறம் வாங்கிக்கறேன்" என்று கையை ஆட்டிவிட்டார். ஜன்னலில் செருகியிருந்த நோட்டை எடுத்துக் குண்டு குண்டு எழுத்தில் எழுதினார்: 'திருச்சி காட்டூர், 8க்கு 10, செவப்பு பச்சை.' பிறகு, பட்டை அளக்கிற கோடு போட்ட குச்சியைத் தறியில் வைத்துப் பார்த்தார். சிவப்பு இன்னும் ஒரு விரற்கடை பாக்கி இருந்தது. நாடாவை எடுத்துக்கொண்டார்.